உங்களைப் போன்றவர்கள் அடுத்துப் படித்தது

கம்சாயினிக்குக் கணிதத்தோடு சொந்தப் பகை ஒன்றும் இல்லை. கணிதத்துக்குத்தான் அவள் மேல் ஏதோ கோபம். சாதாரண தரப் பரீட்சையை அவள் முதலில் எழுதியது சுனாமி வந்த வருடத்து மார்கழியில். மற்றப் பாடங்கள் எல்லாம் நல்லபடி சித்தி, கணிதம் மட்டும் காலை வாரிவிட்டது. சரி, திரும்ப எழுதலாம் என்று பார்த்தால், பள்ளிக்கூடத்து வாங்குமேசைகளை வெளியே அடுக்கிவிட்டு, கடலுக்கு வீடுவாசலைப் பறிகொடுத்த சனத்தை உள்ளே குடியிருத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஆயத்தமானபோது சண்டை மூண்டது. களப்பு என்கிற உப்பேரிக்கு மேற்கே, அவள் ஊர் இருக்கிற படுவான்கரைச் சனம் முழுவதும் செல்லடிக்குப் பயந்து, மாட்டையும் நெல் விளைந்த வட்டையையும் அப்படியே விட்டுவிட்டு, களப்பைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு ஓடியது. தறப்பாள் கூடாரத்துக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டிருக்கிறவளுக்கு எக்ஸின் பெறுமானம் என்ன, வையின் பெறுமானம் என்ன என்ற கவலை எங்கிருந்து வரும்? ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருமுறை எழுதினாள். அந்த முறை கடலும் இல்லை, சண்டையும் இல்லை. மின்விசிறிக்குக் கீழே வசதியாக இருந்து எழுதி, வசதியாகக் கோட்டைவிட்டாள்.

இப்போது 2010. சண்டை முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கிற யன்னலுக்குப் பின்னால் கம்சாயினிக்குத் தற்காலிக வேலை. எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று நோயாளி வீட்டுக்குப் போயும் மறக்காதபடி சொல்லி அனுப்புவதில் அவளுக்கு நல்ல பேர். ஆவணி மாதம் பெரிய டொக்டர் அவளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நிரந்தர நியமனத்துக்குப் பேர் கேட்டிருக்காங்க. உன்ர பேரத்தான் அனுப்ப விருப்பம். ஆனா கணிதச் சித்தி இல்லாம அனுப்ப ஏலாது. இந்த மார்கழி எழுதி எடுத்தியெண்டா வேலை உனக்கு. இல்லாட்டி சித்திரையோட வேற ஆளைப் போட்டிருவாங்க.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தாலாவது கோபப்பட்டு ஆறியிருக்கலாம். வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. தகப்பன் கந்தப்போடி தன் வயலில் மூன்று வருடத்துப் பற்றையை இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார். வேலை போனால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கத் தொடங்கினால் இரவு முழுக்க யோசிக்க வேண்டியிருந்தது. அதனால் யோசிப்பதை விட்டுவிட்டுப் படிக்கப் போனாள்.

படிப்பதற்குத்தான் அக்கரைக்குப் போக வேண்டும். ஆரையம்பதியில் ஒரு நிறுவனம் கணினி நிலையம் திறந்து, இணையத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. காசு வாங்குவதில்லை. படுவான்கரையில் மின்சாரமே வருவதும் போவதுமாக இருந்த காலம், இணையத்துக்கு எங்கே போக? காலை வேலையை முடித்துவிட்டு வரும் கம்சாயினியும் அவள் சிநேகிதி பிரஷாந்தியும் இன்னும் ஆறு பெண்களும் மத்தியானம் சாப்பிட்ட கையோடு மண்முனைத்துறைக்குப் போய்ப் பாதை ஏறுவார்கள். ஆட்களையும் சைக்கிளையும் சில நேரம் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு களப்பின் குறுக்கே போய்வரும் தட்டையான மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர்.

நிலையத்துக்குப் பொறுப்பாளர் றுஸ்தி. காத்தான்குடிக்காரர். கட்டாரில் குளிரூட்டி திருத்திவிட்டு வந்து, இங்கே மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாத மண்டபத்தில் மாட்டிக்கொண்டவர். முதல் நாளே அவர் பெண்களைச் சுற்றி நிறுத்திவைத்து விளக்கம் சொன்னார். ஒரு பாடம் முடிந்ததும் திரையின் கீழே ஒரு பச்சைப் பெட்டி வரும். அதில் ‘உங்களைப் போன்றவர்கள் அடுத்துப் படித்தது’ என்று எழுதி, அதற்குக் கீழே அடுத்த பாடத்தின் பெயர் இருக்கும். பெட்டி காட்டுகிற பாடம் மட்டும்தான் திறக்கும், மற்றதெல்லாம் பூட்டு.

“எங்கட வாப்பா பசாரில பலசரக்குக் கடை வச்சிருந்தவர்,” என்றார் றுஸ்தி. “ஒருத்தன் வந்து மிளகாய்த்தூள் கேட்டா, அவன் வாயத் திறக்க முன்னமே மஞ்சள் பெக்கட்ட எடுத்து மேசையில வைப்பாரு. ஏன்? முன்னம் வந்த ஆக்களெல்லாம் அதத்தான் அடுத்துக் கேட்டிரிக்காங்க. இந்தப் பெட்டியும் அப்பிடித்தான். நாடு பூராவும் படிக்கிற புள்ளையள் எந்தப் பாடத்துக்குப் பிறகு எங்க போறாங்க, எதில மிணக்கெடுறாங்க, எதில எழும்பிப் போறாங்க எண்டு பாத்துக்கிட்டே இரிக்கும். ஒங்களுக்குத் தோதானவங்க எந்த ஒழுங்கில படிச்சு முன்னேறினாங்களோ, அந்த ஒழுங்க ஒங்களுக்குக் காட்டும். ஒவ்வொருத்தருக்கும் வேற வேற ஒழுங்கு.”

கம்சாயினிக்கு இது பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் நாற்பது பேருக்கும் ஒரே பாடம், ஒரே அடி. இங்கே யாரோ முகம் தெரியாதவர்கள் எல்லாம் முன்னால் போய், மேடு பள்ளம் பார்த்து வைத்திருக்கிறார்கள். அவள் பெட்டி சொன்னதைத் தட்டாமல் செய்தாள். பின்னம் என்றது, பின்னம் படித்தாள். அங்கிருந்து சதவீதம், அங்கிருந்து வட்டி, பிறகு எளிய சமன்பாடு. பாடங்கள் மாஸ்டர்மார் படிப்பித்துப் பதிவுசெய்த சின்னச் சின்ன வீடியோக்கள். தினமும் முதலில் முந்தின நாள் பாடத்தின் பயிற்சியைச் செய்துவிட்டுப் புதுப் பாடத்தைத் தொடங்கினால் நாலரைக்கு முன்னர் முடிந்துவிடும். கணிதம் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறதோ என்றுகூட அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது.

நாலரைக்கு முன்னர் முடிந்தாக வேண்டும். ஏனென்றால் நாலரைக்குத் துறையில் பாதை சங்கு ஊதும். அந்தச் சங்கு காதில் விழுந்த கணம் படுவான்கரைப் பெண்கள் எட்டுப் பேரும் ஒரே உடம்பாக எழும்புவார்கள். ஒருத்தி ஹெட்போனை எறிவாள், ஒருத்தி கணினியின் பொத்தானை அமத்தி அதன் உயிரைப் பறிப்பாள், ஒருத்தி செருப்பைக் கையில் எடுப்பாள். றுஸ்தி “முறையா மூடிட்டுப் போங்க புள்ளையள்” என்று சொல்லி முடிக்கும்போது மண்டபத்தில் நாற்காலிகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

அந்த ஓட்டத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. சண்டைக் காலத்தில் நாலரைப் பாதையோடு துறையைப் பூட்டிவிடுவார்கள். தவறவிட்டவர் அன்றிரவு எதிர்க்கரையில்தான். விடிந்த பிறகு இரவு எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று இரண்டு கரையிலும் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லப் போன சிலர் வீட்டுக்கு வரவில்லை. அதனால் படுவான்கரைப் பிள்ளைகளுக்குக் கால் முளைத்ததே அந்தச் சங்குக்கு ஓடுவதற்குத்தான்.

புரட்டாதியில் பெட்டி ‘ஒருங்கமை சமன்பாடுகள்’ என்றது. இரண்டு சமன்பாட்டைச் சேர்த்துவைத்து எக்ஸையும் வையையும் ஒன்றாகப் பிடிக்கிற பாடம். கம்சாயினி உற்சாகமாகத் தொடங்கினாள். நீண்ட பாடம், பாதியில் சங்கு ஊதியது, ஓடினாள். மறுநாள் வந்து திறந்தால் பச்சைப் பெட்டியில் ‘பின்னங்கள்’ என்று நின்றது.

ஏதோ காரணம் இருக்கும் என்று பின்னத்தை மறுபடி படித்தாள். அது முடிந்ததும் பெட்டி சமன்பாட்டைத் திறந்துவிட்டது. பாதியில் சங்கு. மறுநாள் திரும்பவும் பின்னங்கள். பிரஷாந்திக்கும் பின்னங்கள். மற்ற ஆறு பேருக்கும் அதே. ஒரு மாதத்தில் கம்சாயினி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பின்னம் சொல்லக்கூடியவளாகிவிட்டாள். பரீட்சைக்கோ அதற்கு மேலே ஒரு மலையளவு பாடம் கிடந்தது. பக்கத்துக் கணினியில் காத்தான்குடிச் சபீனா, பதினாறு வயது, தினமும் ஐந்தரை வரை இருந்து படித்துவிட்டு ஆட்டோவில் போகிறவள், திரிகோணகணிதத்தில் பாதி தாண்டியிருந்தாள்.

“கொம்பியூட்டருக்கும் தெரிஞ்சு போச்சுகா, நாம அக்கரை ஆக்கள் எண்டு,” என்றாள் பிரஷாந்தி. “நமக்குப் பின்னம் காணும் எண்டு அது முடிவெடுத்திட்டு. நான் வாற கிழமையில இருந்து தையலுக்குப் போறன்.”

கம்சாயினி சிரிக்கவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான், இன்னும் மோசமாக. அக்கரை இக்கரை எல்லாம் சாட்டு, நாடு முழுக்கப் பார்த்து வைத்திருக்கிற ஒன்று, எனக்கு இவ்வளவுதான் ஏறும் என்று கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது நெஞ்சு எரிந்தது.

மின்சாரம் நின்று நாலு மணிக்குப் பிறகே கணினி திறந்த ஒரு பிற்பகல் அந்த எரிச்சல் றுஸ்தியின் தலையில் விழுந்தது. இருபதாவது தடவையாகவோ இருபத்தோராவது தடவையாகவோ பெட்டி ‘பின்னங்கள்’ என்று காட்டியதும் அவள் எழும்பிப் போய் அவர் மேசைக்கு முன் நின்றாள்.

“றுஸ்தி நானா, ஒங்கட பெட்டிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. சபீனாக்கு மட்டும் ஒழுங்கா வேலை செய்யிது. எங்களப் பாத்தா அதுக்கு எளக்காரமா?”

“தங்கச்சி, அதுக்கு ஆளையும் தெரியா, ஊரையும் தெரியா.”

“தெரியாமத்தான் எட்டுப் பேரையும் தேடிப் புடிச்சுப் பின்னத்தில அடைச்சு வச்சிரிக்கா?”

“நான் என்ன செய்ய, நானா செஞ்சன்? பெட்டியச் செஞ்சது முப்லிஹா மிஸ், சனிக்கிழமை வருவா. அவகிட்டக் கேளு.”

“கேக்கத்தான் போறன். எனக்கு வேலை போகப்போகுது, ஒங்களுக்கு விளங்குதா?”

அவர் பதில் சொல்ல, அவள் அதற்குமேல் சொல்ல, இரண்டு பேரின் குரலும் ஏறியது. கடைசியில் றுஸ்தி தண்ணீர் குடிக்க எழும்பினார். கம்சாயினி திரும்பிப் பார்த்தபோது மற்ற ஏழு நாற்காலியும் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தன. சங்கு ஊதிவிட்டது. அவள் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

துறைக்கு ஓடிய ஓட்டம் அவளுக்கு நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது பாதை நடுக்களப்பில் போய்க்கொண்டிருந்தது. அவள் அப்படியே மண்ணில் இருந்து அழுதாள். இருபத்திரண்டு வயதுப் பெண், அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள், சின்னப்பிள்ளை மாதிரி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். பாதையைத் தவறவிட்டதற்கா, பின்னத்துக்கா, வேலைக்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் பாதை திரும்பி வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பாதையை ஓட்டும் வினாயகமூர்த்தி கயிற்றைக் கட்டிவிட்டு அவளிடம் வந்தார்.

“என்ன புள்ள, ஆரும் செத்துப் போனாங்களா?”

“பாதைய விட்டிட்டன் மூர்த்தியண்ணன்.”

“எங்க விட்டாய்? இந்தா நிக்குது. ஏறு.”

“நாலரையோட முடிஞ்சுதே.”

வினாயகமூர்த்தி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். “நாலரையோட முடிஞ்சது சண்டையோட முடிஞ்சு போச்சு. போன வருஷத்தில இருந்து ஏழு மணி மட்டும் ஓடுறன். அந்தா போர்டு.”

துறையில் ஒரு பலகை நின்றது. நீல எழுத்தில், மாலை ஏழு மணிவரை சேவை என்று மூன்று மொழியிலும் இருந்தது. கம்சாயினி மாதக்கணக்காக அதைத் தாண்டி ஓடியிருக்கிறாள். ஓடுகிறவள் எங்கே பலகையைப் பார்ப்பாள்?

“அப்ப ஏன் ஒருத்தரும் வாறல்ல?”

“அதத்தான் நானும் கேக்கன். நாலரைக்கு மிதக்க ஏலாத அளவுக்குச் சனம். பிறகு பாத்தா ரெண்டு மீன் யாவாரியும் தவறணைக்குப் போயிட்டு வாற நாலு பேரும். ஏழு மணிக்கும் பாதை இரிக்கி எண்டு அவங்க வீட்ட போய்ச் சொல்லியிரிப்பாங்க. வெறியில வாறவன் சொல்லுறத ஆர் நம்புவா?”

அன்று பாதையில் அவளும் ஒரு மீன் பெட்டியும்தான். களப்பின் மேல் வெயில் சாய்ந்து கிடந்தது.  பாதித் தூரம் போனதும் திடீரென்று றுஸ்தி முதல் நாள் சொன்னது மனதில் ஓடியது: எதில மிணக்கெடுறாங்க, எதில எழும்பிப் போறாங்க. எழும்பிப் போகிறார்கள். எட்டுப் பேரும், தினமும், அதே பாடத்தின் நடுவில், தீப்பிடித்த மாதிரி எழும்பிப் போகிறார்கள். சங்கு கணினிக்குக் கேட்காது. அப்படியென்றால் பாவம், அது என்னதான் நினைக்கும்? கம்சாயினிக்குச் சிரிப்பு வந்தது. தனியாக இருந்து சிரிக்கிறவளை வினாயகமூர்த்தி கவலையோடு திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை முப்லிஹா வந்தாள். ஓட்டமாவடிப் பெண், கொழும்புப் பக்கம் பொறியியல் படித்து, இந்தப் பெட்டியைச் செய்த குழுவில் இருந்தவள். கம்சாயினியைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. கம்சாயினி சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோடு. மற்ற ஊர்க் கோடுகள் ஏறி இறங்கி எப்படியெல்லாமோ போயின. ஆரையம்பதிக் கோடுகளில் எட்டு மட்டும் ஒரே இடத்தில் வந்து, கத்தியால் வெட்டின மாதிரி நின்றன.

“இத நான் எத்தினையோ தரம் பாத்தன்,” என்றாள் முப்லிஹா மெதுவாக. “பாடம் கஷ்டம் எண்டு நினைச்சன். பின்னம் சரியா விளங்காதவங்கதான் அந்த இடத்தில விட்டிட்டுப் போவாங்க, மத்த ஊர்கள்ல அப்பிடித்தான் இரிக்கி. அதனால பெட்டியும் உங்களப் பின்னத்துக்கு அனுப்பிச்சு.” பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டாள். “அல்லாஹ்வே, அந்தப் பாடம் எடுத்த மாஸ்டர்.”

“அவருக்கு என்ன?”

“நடுவில புள்ளையள் எழும்பிப் போறாங்க, இன்னும் லேசாக்கித் தாங்க எண்டு மூணு தரம் திருப்பி எடுக்க வச்சன். கடைசித் தரம் மனுசன் பாட்டுப் படிச்சுக் காட்டினாரு.”

முதலில் றுஸ்திதான் சிரித்தார். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த மாஸ்டர் பாட்டுப் பாடின இடத்துக்கு இவர்கள் ஒருநாளும் வந்து சேரவே இல்லை.

சிரித்து முடித்ததும் முப்லிஹா வேலையில் இறங்கிவிட்டாள். உங்கள் எட்டுப் பேரின் பூட்டையும் நானே திறந்துவிடலாம், ஒரு விலக்கு எழுதினால் போதும் என்றாள். கம்சாயினிக்கு ஓம் என்று சொல்ல வாய் வந்தது. பரீட்சைக்கு இருக்கிற நாளை நினைத்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் அவள் யோசித்தாள்.

“மிஸ், இனி வாற பாடமெல்லாம் நீட்டுத்தானே?”

“ஓம், எல்லாம் நீட்டு.”

“அப்ப நீங்க திறந்துவிட்டா நாங்க அடுத்ததுக்குள்ள போவம். சங்கு ஊதும், ஓடுவம். திரும்பவும் பாதிதான். விலக்குக்கு விலக்கு எழுதிக்கிட்டே இரிப்பீங்க. ஓடுறது நிண்டாத்தான் சரிவரும். நான் ஒருத்தி இருந்து முடிச்சாக் காணுமா?”

“காணா. ஒரு ஆள் முடிச்சா அது தற்செயல் எண்டு விட்டிரும். உங்களோட சேர்ந்தவங்க எல்லாம் முடிச்சாத்தான் அது மனச மாத்தும்.”

ஆக, எட்டுப் பேரையும் இருத்த வேண்டும். கணிதத்தைவிடக் கஷ்டமான காரியம். கம்சாயினி பாதையில் வைத்துக் கதையை எடுத்தாள். ஏழு பேரும் கேட்டார்கள், பலகையையும் போய்ப் பார்த்தார்கள். வினாயகமூர்த்தி வேறு தன் பங்குக்குச் சத்தியம் செய்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் நாலரைக்கு எல்லோரும் ஓடினார்கள். வெட்கக்கேடு என்னவென்றால் கம்சாயினியும் ஓடினாள். வாசல்வரை போன பிறகுதான் நாம் இருக்க வேண்டுமே என்று ஞாபகம் வந்தது.

“எனக்கு ஏலா கம்சா,” என்றாள் பிரஷாந்தி. அன்று மிதவையின் ஓரத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். “அப்பா ஒருக்கா நாலரைய விட்டவர். மூணு நாள் கழிச்சுத்தான் வந்தார். வந்தார்தான், ஒண்டும் ஆகல்ல. ஆனா அந்த மூணு நாளும் அம்மா வாசல்ல நிண்ட நிலைய நான் பாத்தன். சங்கு கேட்டா என்ர கால் என்னக் கேக்காமப் போகுது.”

“எனக்கும் அப்பிடித்தான்டி. இண்டைக்குப் பாத்தாய்தானே. நானே சொல்லிப்போட்டு நானே ஓடினன்.”

பிரஷாந்தி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்தது நல்லதாகப் போயிற்று. “நாளைக்கு வா. எனக்குப் பக்கத்தில இரு,” என்றாள் கம்சாயினி. “நீ எழும்பினா நான் புடிக்கிறன், நான் எழும்பினா நீ புடி. எனக்கு இந்த வேலை வேணும். தனிய என்னால ஏலா.” அப்படிக் கேட்டது அவளுக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டுவிட்டாள்.

மறுநாள் றுஸ்தியும் தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார். சங்கு கேட்காதபடி வானொலியைப் பெரிதாகப் போட்டுவிடுவது என்பது அவருடைய யோசனை. கம்சாயினி நிறுத்தச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருக்கப் பழகாவிட்டால் என்ன பிரயோசனம்? அவருடைய இரண்டாவது ஏற்பாடு அவருடைய உம்மா. ஆயிஷா உம்மா நாலு மணி தாண்டியதும் ஒரு பெரிய தட்டில் பிளேன்டீயும் சீனி அப்பமும் கொண்டுவந்து, வாசல் நிலைக்குக் குறுக்கே பாயைப் போட்டு அமர்ந்துகொண்டார். தட்டும் அவரும் சேர்ந்தால் வாசல் சரியாக அடைபட்டது.

“தட்டத் தாண்டி ஓடுற ஆளுக்குத் தேத்தண்ணி இல்ல,” என்றார் பொதுவாக.

சங்கு ஊதியது. எட்டு நாற்காலியும் ஒன்றாகக் கிரீச்சிட்டன. பிரஷாந்தியின் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது, கம்சாயினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் காலோ மேசைக்குக் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.  ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டாள். தூரத்தில் பாதையின் இயந்திரம் முடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு அது தேய்ந்து தேய்ந்து போயிற்று. மண்டபத்துக்குள் எட்டுப் பேரும் இன்னும் இருந்தார்கள். பிரஷாந்தி அழுதாள், ஆனால் எழும்பவில்லை.

“சரி, ஒண்டும் ஆகல்ல. வந்து அப்பத்தத் தின்னுங்க,” என்றார் ஆயிஷா உம்மா.

அப்பத்தைத் தின்றுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்கள். அன்றுதான் அந்த மாஸ்டர் பாடின பாட்டைக் கேட்கக் கிடைத்தது. எக்ஸும் வையும் மச்சான் மச்சினி என்று தொடங்கி, தாளம் தப்பி, வெட்கப்பட்டுக்கொண்டே பாடியிருந்தார். எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். பாட்டுக்குப் பிறகு கணக்கு உண்மையாகவே விளங்கியது. கம்சாயினி தானாக ஒரு சோடிச் சமன்பாட்டைத் தீர்த்து, விடையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். சரியாக வந்தது. பெட்டியைப் பார்த்தார்கள். ‘பின்னங்கள்’ என்றது.

“மாடு,” என்றாள் பிரஷாந்தி.

ஆறரைப் பாதையில் போனார்கள். வினாயகமூர்த்தி எட்டுப் பேரையும் கண்டதும் மீன் பெட்டியை ஒதுக்கி இடம் விட்டார். பிரஷாந்தியின் தாய் மறுகரையில் டோர்ச் லைட்டோடு நின்றாள். மகளைக் கண்டதும் நல்ல ஏச்சு ஏசினாள், பிறகு இழுத்து அணைத்துக்கொண்டாள். அடுத்தநாளும் வந்து நின்றாள். அதற்கடுத்த கிழமை வரவில்லை, சமையல் இருந்தது.

பெட்டி மனம் மாற ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. தினமும் சங்கு ஊதும்போது எட்டுப் பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இருந்தார்கள். கடைசியில் ஒருநாள் எட்டுத் திரையிலும் பச்சைப் பெட்டி ‘திரிகோணகணிதம்’ என்று காட்டியது. மண்டபம் முழுக்கச் சந்தோஷம். றுஸ்தி உடனே முப்லிஹாவுக்கு அழைப்பெடுத்தார். பிரஷாந்தி முதல் கணக்கைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுக்காடி இவ்வளவு நாளும் இருந்தம்?” என்றாள்.

மார்கழியில் பரீட்சை எழுதினார்கள். தையில் வெள்ளம் வந்து வட்டையெல்லாம் கடலானது. அந்த முறை யாரும் ஆச்சரியப்படவில்லை, கணிதம் எழுதினால் ஏதாவது வரத்தானே செய்யும் என்று கம்சாயினியே பகிடி விட்டாள். வெள்ளம் வடிந்து நாள் போன பிறகு பெறுபேறு வந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் சித்தி. பிரஷாந்தி எல்லோரையும்விட நல்ல புள்ளி எடுத்து, வெட்கத்தில் இரண்டு நாள் வெளியே வரவில்லை. கம்சாயினிக்குச் சாதாரணச் சித்தி, ஒரு ‘எஸ்’. பெரிய டொக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அன்றே அவள் பேரை அனுப்பினார். அவள் வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வயல் வரம்பில் நின்று நன்றாக அழுதாள். கந்தப்போடி தூரத்தில் நின்று அதைக் கண்டு, பரீட்சையில் தவறிவிட்டாள் போல என்று நினைத்துக் கிட்ட வராமலே நின்றார்.

வைகாசியில் ஒரு காலை. மருந்து யன்னலுக்கு முன்னால் வரிசை நின்ற நேரம், கம்சாயினியின் தொலைபேசி அடித்தது. முப்லிஹா. கதிரவெளியில் புது நிலையம் திறந்திருக்கிறார்கள், அங்கிருந்து பேசுகிறாள்.

“கம்சா, ஒரு நிமிஷம். இங்க ஒரு அக்கா பெட்டியோட சண்டை புடிச்சுக்கிட்டு இரிக்கா. கொஞ்சம் கதையுங்க.”

 மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல், கடற்கரைக் குரல், கோபமாக.

“நான் அன்னப்பூரணி. இந்தப் பெட்டி சொல்லுது, உங்களைப் போன்றவர்கள் ஒருங்கமை சமன்பாடு படிச்சாங்களாம். என்னப் போல எண்டா ஆரு? ஒருக்காக் கடலுக்கு எல்லாத்தையும் குடுத்து, ஒருக்காச் செல்லுக்கு எல்லாத்தையும் குடுத்து, முப்பத்தஞ்சு வயசில புள்ளையளுக்குப் பக்கத்தில வந்து குந்தியிரிக்கன். என்னப் போல ஒருத்தி இந்த நாட்டில எங்க இரிக்கா, காட்டுங்க, படிக்கிறன் எண்டன். இந்த மிஸ் ஃபோனத் தாறா.”

கம்சாயினி கையில் இருந்த குளிசைப் பெக்கட்டைக் கீழே வைத்தாள். வரிசையில் நின்ற கிழவர் கையை நீட்டியபடி காத்திருந்தார்.

“அக்கா,” என்றாள், “அது நான்தான்.”

“ஆர்?”

“அந்தப் பெட்டி சொல்லுற ஆள். கொக்கட்டிச்சோலையில இரிந்து கதைக்கிறன். நானும் என்னோட ஏழு பேரும். கடல் வந்த வருஷம் எழுதிக் கணிதத்த விட்டன். சண்டை வந்து விட்டன். பிறகு ஒண்டும் வராமலும் ஒருக்கா விட்டனான்.”

மறுமுனையில் அன்னப்பூரணியின் குரல் இறங்கியது.

“பிறகு?”

“பிறகு இந்தப் பாடத்த முழுசா இருந்து படிச்சம்.”

“பாஸ் பண்ணினாயா?”

“ஓம் அக்கா. சாதாரணச் சித்திதான்.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அன்னப்பூரணி தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, குரல் தூரத்திலிருந்து வந்தது.

“மிஸ், இஞ்ச வாங்க. அந்தப் பாடத்தப் போடுங்க.”